இரும்பு முட்டையும் பதினோரு தட்டுகளும்

நாள் 412. காலை 8.10

வெளியே மைனஸ் 31. உள்ளே 22. ஊற்றுக் குழாயில் வெந்நீர் ஓட்டம் சீர். பாசித் தட்டுகள் பதினொன்றும் நலம்.

இந்தக் குறிப்பேட்டை வேறு யாராவது படிக்க நேர்ந்தால் அவர்களுக்காக: நான் செண்பகவடிவு. உயிரியலாளர். ஊர் தென்காசி. இந்தக் கோளில் இப்போதைக்கு இருக்கும் ஒரே ஆள். கூட இருந்த மெக்கானிக் தொம்மை அண்ணாச்சி, சாமான் ஏற்றி வர மேலே சுற்றும் கப்பலுக்குப் போயிருக்கிறார். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கப்பல் தலைக்கு மேலே வரும். அப்போது பத்து நிமிடம் பேசலாம்.

நிலையத்துக்குப் பின்னால் ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. பாசி அதில்தான் வளர்கிறது. பூமிக்கு வெளியே மனிதர் கண்ட முதல் உயிர் அது. அதே வெந்நீர்தான் குழாய் வழியாக வந்து எங்கள் அறைகளையும் சூடாக்குகிறது. வெளிக்காற்றை முகமூடி இல்லாமல் சுவாசிக்கலாம். குளிரைத்தான் தாங்க முடியாது.

வேறு விசேஷம் இல்லை. மாலையில் அண்ணாச்சியின் அடுப்பில் கோழி சுட்டுப் பார்க்கப் போகிறேன்.

நாள் 412. மாலை 4.30

கோழி கரிந்தது. இடது புருவத்தில் பாதி காணோம்.

அடுப்பைப் பற்றி எழுதிவைக்கிறேன். முட்டை வடிவம், மூன்று கால், இரட்டைச் சுவர் கொண்ட எஃகு. பாதியில் பிளந்து மேல் பாதி மூடியாகிறது. அடியில் காற்று நுழைய ஒரு நகர்தட்டு, உச்சியில் புகை போக ஒரு துவாரம். இரண்டையும் கூட்டிக் குறைத்துத்தான் கனலை ஆள வேண்டும். சொந்தச் சாமானுக்கென்று ஆளுக்கு நாற்பது கிலோ அனுமதித்தார்கள். அந்த மனிதர் நாற்பதையும் இதற்கே கொடுத்துவிட்டு மாற்றுச்சட்டை இல்லாமல் வந்து இறங்கினார்.

முக்கால் மணி நேரம் கெஞ்சியும் 90 டிகிரியைத் தாண்டவில்லை. அலுத்துப்போய் உள்ளே வந்து தட்டுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் 370. பதறிப்போய் மூடியைத் திறந்தேன். தீ முகத்தில் அடித்தது.

ரேடியோ:
தொம்மை: "மூடிய ஒரேயடியா தொறந்தியாக்கும்? கொஞ்சமா தூக்கி ரெண்டு தடவ மூச்சு விட வச்சிட்டுத்தான் தொறக்கணும்னு சொன்னம்லா."
நான்: "சொல்லல அண்ணாச்சி."
தொம்மை: "சொன்னேன். நீ பாசியப் பாத்துக்கிட்டு இருந்திருப்ப. அடுப்புக்கு ஒண்ணும் ஆவலயே?"

என் முகத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை.

நாள் 415. காலை 11.40

நிலநடுக்கம். இருபது வினாடி.

ஊற்று இருந்த இடத்தில் இப்போது பள்ளம்தான் இருக்கிறது. மண் உள்வாங்கி மூடிவிட்டது. குழாயில் ஒரு சொட்டு வரவில்லை. நாங்கள் வருமுன் நான்கு ஆண்டு மேலிருந்து தேடியதில் கிடைத்த ஒரே ஊற்று. இனி அந்தப் பாசி இருப்பது என் மேசைமேல் உள்ள பதினோரு தட்டுகளில் மட்டும்.

உள்ளே 17. இறங்கிக்கொண்டிருக்கிறது. சூரியத் தகடுகளிலிருந்து வரும் மின்சாரம் விளக்குக்கும் ரேடியோவுக்கும்தான் காணும். பாசி ஐந்து டிகிரிக்குக் கீழே செத்துவிடும்.

நாள் 415. மாலை 3.05

தொம்மை: "மேற்கால பெரிய புயல் ஒண்ணு எறங்குற பாதைய மறிச்சுக்கிட்டு மெல்ல வருது தாயி. ஒம்பது நாள், பத்து நாள் எறங்க முடியாது. நீ அவசரக் கூண்டுக்குள்ள போயிரு. தனி பேட்டரி இருக்கு. ஒரு ஆளுக்குப் பன்னெண்டு நாள் சூடு தாங்கும்."
நான்: "தட்டு பதினொண்ணும் அதுக்குள்ள நுழையாது. நுழைஞ்சாலும் வெளிச்சம் கெடையாது. வெளிச்சம் இல்லன்னா ரெண்டு நாளு."
தொம்மை: "அப்பம் என்ன செய்யப்போற?"
நான்: "உங்க அடுப்பு."



தொம்மை: "உள்ள மட்டும் கொண்டுவராத. கேட்டியா? சத்தியம் பண்ணு."

பண்ணினேன். காரணம் எனக்கும் தெரியும். கரி புகைந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். வாசனை இல்லை, நிறம் இல்லை. முதலில் தலைவலி, அடுத்து புத்தித் தடுமாற்றம், அப்புறம் தூக்கம். அடுப்பு வாசல் கூடத்திலேயே இருக்கும். மேலே கூரை, மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு. கரிக்குக் குறைவில்லை. தண்ணீர் வடிகட்ட வைத்திருக்கும் சிரட்டைக்கரி 62 கிலோ இருக்கிறது.

நாள் 416. காலை 9.20

உள்ளே 9.

திட்டம் எளிது. அடுப்பில் கல்லைச் சுட்டு, வாளியில் போட்டு உள்ளே கொண்டுவந்து தட்டுகளுக்குக் கீழே வைப்பது. சூடு உள்ளே வரும், புகை வெளியே நிற்கும்.

இந்த ஊர்க் கல்லுக்குள் நீர் இருப்பது எனக்கு உறைக்கவில்லை. 200 டிகிரியில் ஒன்று வெடித்தது. மூடி எகிறித் திரும்ப விழுந்தது. கீல் வளைந்துவிட்டது. விளிம்பைச் சுற்றி ஒட்டியிருந்த கம்பளிப் பட்டை பாதி கிழிந்தது. பட்டை இல்லாவிட்டால் மூடியின் இடுக்கு வழியாகக் காற்று புகும். காற்று புகுந்தால் கனல் சொன்னபடி கேட்காது. ஏற்கெனவே கேட்ட லட்சணம் தெரியும்.

நானாகக் கெடுத்துக்கொண்டது. யாரைத் திட்ட?

நாள் 416. மாலை 4.50

கல்லுக்குப் பதில் உடைந்த பம்பின் இரும்புச் சக்கரங்கள். ஆறு. இது பலிக்கிறது. உள்ளே 13.

ஆனால் சக்கரம் அரை மணியில் ஆறிவிடுகிறது. எடுப்பதும் வைப்பதுமாக இன்றைக்கு மட்டும் இருபத்தாறு தடவை. மூடியிலுள்ள வெப்பமானி 300 என்கிறது. கையிலிருக்கும் ஆய்வக வெப்பமானியோ 210 என்கிறது. எதை நம்ப?

நாள் 418. காலை 9.00

கரி 47 கிலோ. இந்த வேகத்தில் ஆறு நாளுக்குத்தான் வரும்.

தொம்மை: "அடி நகர்தட்ட ஒரு விரக்கடைக்கு மேல தொறக்காத. அது அம்மாதிரி அடுப்பில்ல. கொஞ்சத்த வச்சு நெறைய நேரம் ஓட்டுற அடுப்பு."
நான்: "விரக்கடை தொறந்தா அணையுது. ரெண்டு விரக்கடை தொறந்தா கரியத் தின்னுது."
தொம்மை: "சாம்பல அள்ளுனியா? அடியில சாம்பல் அடச்சிருந்தா மூச்சு எப்படி விடும்?"

அள்ளவில்லை. மூன்று நாளாக. சாம்பல் தட்டை இழுத்தால் வரவில்லை. சூட்டில் முறுக்கிக்கொண்டிருக்கிறது. சுத்தியலால் அடித்து வெளியே எடுக்க ஒன்றரை மணி நேரம். உள்ளே 8 வரை இறங்கிவிட்டது. சுவரோரம் இன்னும் குளிர்; அங்கிருந்த தட்டு இரண்டு பழுப்பாகிவிட்டன.

மிச்சம் ஒன்பது. அடுப்பை ஓங்கி உதைத்தேன். கால்விரல் வீங்கியிருக்கிறது.

நாள் 419. மாலை 5.15

அண்ணாச்சி சொன்னதுதான் சரி. சாம்பல் இல்லாமல் ஒரு விரற்கடையில் 240 நிற்கிறது. நான்கு மணி நேரம் அசையவில்லை. கிழிந்த பட்டைக்குப் பதில் என் கையுறையை நறுக்கிக் கம்பியால் கட்டினேன்.

சந்தோஷப்படலாம் என்று நினைத்த நேரத்தில் உள்ளே மோனாக்சைடு மணி அலறியது. ஓடிப் பார்த்தால் ஒன்றுமில்லை. கதவு மூடி, அடுப்பு வெளியே. மறுபடி அலறியது. இன்று மட்டும் ஒன்பது முறை.

தொம்மை: "குளிர்ல அது ஒளறும். இருந்தாலும் கழத்திராத."

நாள் 421. காலை 10.30

புயல் வந்துவிட்டது. காற்று மணிக்கு 118 கிலோமீட்டர். வாசல் கூடத்தின் கூரை ஒரே இழுப்பில் போய்விட்டது. அடுப்பு சாய்ந்து கனல் பாதி பனியில் கொட்டியது. கையால் அள்ளிப் போட்டேன். ஒரு கையில்தான் உறை.

வெளியே இனி எரிக்க முடியாது.

தட்டு ஒன்பது. உள்ளே 7.

நாள் 421. பகல் 1.15

உள்ளே கொண்டுவந்துவிட்டேன்.

யோசிக்காமல் செய்யவில்லை. உச்சித் துவாரத்தில் காற்றுக்குழாய் பொருத்தி, சுவரிலிருந்த பழைய துளை வழியாக வெளியே விட்டிருக்கிறேன். புகை முழுக்க அதில் போகிறது. குழாயின் வெளிமுனையில் பனிக்கட்டி பிடிக்கிறது. இரண்டு மணிக்கு ஒருமுறை இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வெளியே போய்த் தட்டிவிட வேண்டும்.

ரேடியோ:
தொம்மை: "சத்தியம் பண்ணுன."
நான்: "பண்ணுனேன்."
தொம்மை: "வடிவு, கூண்டுக்குப் போ. முப்பது அடிதான். அடுப்பும் வேண்டாம் ஒரு மயிரும் வேண்டாம்."
நான்: "ஒம்பது தட்டு இருக்கு அண்ணாச்சி. வேற எங்கயும் இல்ல. இந்த அண்டத்துலயே வேற எங்கயும் இல்ல."
தொம்மை: "நீயும் ஒண்ணுதான் இருக்க."

நேரம் முடிந்து இணைப்பு போய்விட்டது.

நாள் 422. காலை 8.40

உள்ளே 16. தட்டு ஒன்பதும் பச்சை. கரி 19 கிலோ.

காற்று சுழன்று அடிக்கும்போது குழாய் வழியாகப் புகை திரும்பி வருகிறது. கண் எரிச்சல். கதவைத் திறந்து வெளியேற்றினால் ஒரு மணி நேரச் சூடு போகிறது. மறுபடி முதலிலிருந்து. நாலு தடவை.

மணி ஓயவில்லை. இது குளிரா, புகையா, எதற்கு அடிக்கிறது என்று கண்டுபிடிக்க வழியில்லை. ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்தேன். ஒவ்வொரு முறையும் வெப்பம் இறங்கியது. பதினேழாவது முறை பேட்டரியைப் பிடுங்கிவிட்டேன்.

நிம்மதி.

நாள் 423. காலை 10.10

தலைவலி. தூக்கமில்லாததால் இருக்கும்.

கரி 9 கிலோ. இரண்டு துவாரங்களையும் மயிரிழைக்குக் குறைத்துவிட்டேன். கனல் தூங்கிக்கொண்டே எரிகிறது. இப்படியே ஓட்டினால் இரண்டு நாள் வரும்.

தொம்மை: "புயல் ஒடையுது தாயி. நாள மத்தியானம் எறங்கிருவேன். ஒரு நாளு. ஒரே ஒரு நாளு தாக்குப்பிடி. குழாய் முனையத் தட்டுதியா?"
நான்: "தட்டுதேன்."

காலையில் தட்டினேன். அதற்கு முன்னால் நேற்று. கயிற்று முடிச்சு கைக்கு வரவில்லை. அதனால் நேரமாகிறது.

நாள் 423. மாலை 4.20

உள்ளே 21. அப்பாடா.

வாந்தி எடுத்தேன். டப்பாச் சோறு கெட்டிருக்க வேண்டும். எழுத்துக் கோணலாகப் போகிறது, மன்னிக்கவும்.

ரேடியோ. அண்ணாச்சி சத்தம் போட்டார். முடிந்தவரை எழுதுகிறேன்.

தொம்மை: "நீ சொன்னதையே மூணு தடவ சொல்லுத. நாக்கு கொழறுது. வடிவு, கதவத் தொற. இப்பமே தொற."
நான்: "குளிர் வந்திரும்."
தொம்மை: "வரட்டும்! ஒனக்குள்ள வெசம் ஏறிட்டு. ஒனக்கே தெரியும், நீதான படிச்சவ. தொறந்துட்டு கூண்டுக்குப் போ. பாசி போனாப் போவட்டும் தாயி!"

பாசி போனால் போகட்டுமாம். நாற்பது கிலோ இரும்பைத் தூக்கிக்கொண்டு வந்த மனிதர் சொல்கிறார்.

அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். ரேடியோவை அணைத்துவிட்டேன். தலைக்குள் இரைச்சல் போதும்.

நாள் 424. காலை

மணி தெரியவில்லை. கடிகாரம் எதிரில்தான் இருக்கிறது.

உள்ளே 24.

தலைவலி போய்விட்டது. உடம்பு லேசாக இருக்கிறது. வாசலில் பனி குவிந்திருக்கும், இன்றைக்குக் குழாயைத் தட்டப் போகவில்லை. தேவையும் இல்லை. குழாயில் ஒரு சத்தமும் இல்லை. புகை திரும்பி வரவும் இல்லை. பட்டையும் நன்றாக அடைத்துக்கொண்டது.

கடைசியாகப் பிடி கிடைத்துவிட்டது. அண்ணாச்சி வந்ததும் சொல்ல வேண்டும். அடுப்பு இன்றைக்கு எந்தத் தொல்லையும் கொடுக்கவில்லை. பத்து நாளில் முதல் தடவை. மூடி சரி. கனல் சரி. சாம்பல் சரி. மூடி சரி.

ஒன்பதும் பச்சை. எண்ணினேன். ஒன்பது. ஒன்பது.

கதவுக்குக் கீழே ஒரு இடுக்கு. அதில் கொஞ்சம் குளிர் வருகிறது. என் போர்வையைச் சுருட்டி அடைத்துவிட்டேன். எனக்கு வேண்டாம். எனக்குக் குளிரவில்லை.

மத்தியானம் வருகிறேன் என்றார். அதற்குள் கொஞ்சம் படுத்துவிட்டு எழுந்து தட்டுகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு அவருக்கு ஒரு