பைசாந்தியத்தை நீ வாசித்து முடித்த ஞாயிறு

மச்சான்,

லண்டனில் நம் பழைய வால்தம்ஸ்டோ நூலகத்தில் கழித்துவிட்ட புத்தகங்களை வாசலில் மேசை போட்டு விற்கிறார்கள். பஸ்ஸுக்கு நின்ற நான் சும்மா எட்டிப் பார்த்தேன். ‘செங்கல்’ என்று நான் கேலி செய்த உன் புத்தகம் அங்கே கிடந்தது. விரித்ததும் அதே ஈரவாடை. பின்தாளில், தவணையை நீட்டி மூன்று கிழமைக்கு ஒருமுறை குத்திய திகதி முத்திரைகள், ஒரு பக்கம் நிறைய. உன்னைத் தவிர வேறு யார் இதைத் தொட்டிருக்கப் போகிறார்கள்?

நீ யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவன். சரித்திரத்துக்கும் உனக்கும் வெகுதூரம். “மொத்தமாக் கிடக்கு. இங்கிலீசும் பழகலாம். ஹோம் ஒபிஸ் கடிதம் வருமட்டும் காணும்” என்றுதான் பைசாந்தியப் பேரரசின் கதையை எடுத்து வந்தாய். ஹோம் ஒபிஸுக்கு அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு நாம் இருவரும் அந்த மாடியறையில் கிடந்தோம். முடிவு வரும்வரை நாட்டைவிட்டு அசைய முடியாது. ஷிப்ட், அறை, தபால்காரன் வரும் சத்தம். உன் மனைவியும் கைக்குழந்தையும் ஊரில், குண்டுவீச்சுக்கு நடுவில்.

ஆனால் விண்ணப்பத்தில் உனக்கு மனைவியே இல்லை. அது என் வேலை. தனி ஆள் என்றால் கெதியாக விசா கிடைக்கும் என்று அப்போது எங்கள் ஆட்கள் பலர் நம்பினோம். வழக்கறிஞர் அறையில் உனக்கு மொழிபெயர்த்தவன் நான். மணமானவரா என்று அவர் கேட்டதும் நீ என் முகத்தைப் பார்த்தாய். “இல்லையெண்டு சொல்லு. பிறகு பாப்பம்” என்றேன். பெரிய மேதாவி நான்.

முதல் குளிர்காலம் முழுக்க உன் பேரரசு எழுந்தது. பருப்புக் கறியைக் கிளறிக்கொண்டே கதை சொல்வாய். “ரோமாபுரியை விட்டிட்டுக் கிழக்க வந்து புதுநகரம் கட்டினவங்கள். வந்து குடியேறினவங்கள்தான் மச்சான், ஆயிரம் வருசம் ஆண்டவங்கள்!” அடுத்த குளிரில் சிலுவைப் படை வந்தது. “உதவிக்கெண்டு வெளிக்கிட்ட தங்கட மதக்காரரே நகரத்தைக் கொள்ளையடிச்சிட்டாங்கள்” என்று புத்தகத்தை மூடினாய். கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. நீ தொடவேயில்லை. “பேரரசை விழுத்திறதுக்கு என்ன அவசரம்? கடிதம் வரட்டும்” என்று மறுபடியும் முத்திரை குத்திக்கொண்டு வந்தாய்.

கடிதம் வந்தது. இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். நீ என்னைத் தூக்கிச் சுற்றினாய். அடுத்த கிழமையே மனைவியைக் கூப்பிட வழி கேட்டுப் போனோம். வழக்கறிஞர் கோப்பைப் புரட்டி ஓரிடத்தில் விரலை வைத்தார். மணமாகாதவர். பொய் என்று ஒப்புக்கொண்டால் மற்றதையும் சந்தேகிப்பார்கள், உன் அனுமதிக்கே ஆபத்து. ஒப்புக்கொள்ளாவிட்டால் அவளைக் கூப்பிட முடியாது. அதையும் உனக்குத் தமிழில் சொன்னவன் நானே. அந்த நேரம் என் நாக்கு அழுகியிருக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைசி அத்தியாயத்தைச் சத்தமாக வாசித்தாய். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பரந்த அரசு, கடைசியில் ஒரேயொரு நகரமாகச் சுருங்கிவிட்டது. சுற்றிவர மதில், மதிலைச் சுற்றி எதிரிப் படை. “சுல்தான் ஆளனுப்பினவராம். நகரத்தைத் தந்திட்டு ஆக்களோட, சாமான்களோட போ எண்டு. சக்கரவர்த்தி மாட்டன் எண்டிட்டார். மதிலடியிலயே சண்டைபிடிச்சுச் செத்துப்போனார்.” புத்தகத்தை மேசையில் வைத்தாய். “எண்டாலும் அந்த மனிசனுக்கு வெளியில போக ஒரு வழி இருந்தது, மச்சான்.”

அவ்வளவுதான் சொன்னாய். என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசி, அழுது, மன்னிப்புக் கேட்டிருப்பேன். நீ எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டாய், எனக்கும் சேர்த்து. அதன்பிறகு இரண்டு வருடம் அதே அறையில் இருந்தோம், நான் மன்னிப்புக் கேட்கவேயில்லை.

பிறகு ஒருநாள் வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாய். மரணத்தைப் பதியப் போனவனும் நான்தான். பதிவாளர் பெண் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். மணமானவரா? “ஓம்” என்றேன், தமிழில். பிறகு ஆங்கிலத்தில். மனைவியின் பிறந்த திகதி? நீ வருடாவருடம் அன்றைக்குப் பாயசம் வைப்பாயே, எனக்கு மனப்பாடம். பதிவாளர் பெண் அத்தாட்சி எதுவும் கேட்கவில்லை. எழுதிக்கொண்டாள். இது கணக்கெடுப்புக்கு மட்டும், சான்றிதழில் வராது என்றாள்.

அன்றிலிருந்து நான் சுமப்பது அதைத்தான் மச்சான். உண்மையைச் சொல்ல அன்றைக்கு எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.