சூடேறாத வண்டி

என் பிரியத்துக்குரிய அப்பாவுக்கு,

நலமா என்று கேட்க முடியாத இடத்தில் இருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வண்டி இத்தனை மாதமாக என்னைப் படுத்திய பாட்டுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

நீங்கள் இருந்தவரை அந்தச் சாவியை என் கையில் தந்ததே இல்லை. "உனக்கு எதுக்கு மக்ளே, நான் இருக்கம்லா" என்பீர்கள். நீங்கள் போன பிறகு, நாற்பது தாண்டிய வயதில், கல்லூரிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து டிரைவிங் படித்தேன். இப்போது கிழக்கேகோட்டையிலிருந்து விழிஞ்ஞம் துறைமுகத்துக் கான்ட்ராக்டர் ஆபீசுக்கு உங்கள் வண்டியில்தான் போய் வருகிறேன். பைபாஸில் கன்டெய்னர் லாரிக்குப் பக்கத்தில் போவதற்குக்கூட இப்போது பயமில்லை.

ஆனால் வண்டி பெட்ரோலைக் குடித்தது. லிட்டருக்கு எவ்வளவு ஓடுகிறது என்று கல்யாண வீட்டுப் பந்தியில்கூடப் பெருமையடிப்பீர்களே, அதில் முக்கால் பங்குகூட எனக்குக் கிடைக்கவில்லை. முதலில் பெட்ரோல் பங்க்கைச் சந்தேகப்பட்டு வேறு பங்க்குக்கு மாறினேன். டயரில் காற்று பார்த்தேன். ஏர் ஃபில்டர் மாற்றினேன், பிளக் மாற்றினேன். ஏசியை அணைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து ஓட்டி, தலையெல்லாம் புழுதியோடு ஆபீசில் போய் இறங்கினேன். எதுவும் மாறவில்லை.

கரமனையில் நீங்கள் வழக்கமாக விடும் ஒர்க்ஷாப்புக்குத்தான் போனேன். முதலாளி ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா?

"சேச்சி, வண்டிக்கு ஒரு குழப்பமும் இல்ல. நீங்க கிளட்சுல காலை வச்சுக்கிட்டே ஓட்டுறதாக்கும். லேடீஸ் ஓட்டுற வண்டி கொஞ்சம் கூடத்தான் குடிக்கும்."

அங்கே நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவேளை உண்மையாக இருக்குமோ என்று எனக்கே தோன்றியது. அதற்குப் பிறகு இடது காலைக் கிளட்சிலிருந்து தள்ளித் தள்ளி வைத்து ஓட்டினேன். முழங்கால் வலித்ததுதான் மிச்சம்.

பெங்களூரிலிருந்து தம்பி போன் செய்தான். "அக்கா, அப்பா ஓட்டும்போது நல்லாத்தான இருந்தது? வண்டியைக் குத்தம் சொல்லாத. வித்துரு. ஆபீசுக்கு பஸ் இருக்கில்லா?" வாங்குவதற்கு ஆள்கூடப் பேசி வைத்துவிட்டான். அம்மா விற்கவும் சம்மதிக்கவில்லை, ஏன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விடுவாள். எனக்கு எல்லார் மேலும் எரிச்சல். உங்கள் மேல் இன்னும் அதிகம். இத்தனை வருஷம் ஓட்டினீர்களே, ஒரு நாள் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கக் கூடாதா?

போன மாதம் ஆபீசில் கூட வேலை செய்யும் ஷீபாவோடு அவள் காரில் வீடு திரும்பினேன். நம்முடையதைப் போலவே ஒரு கார். ஓடிக்கொண்டிருக்கும்போது கண் டாஷ்போர்டுக்குப் போனது. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் பாதியில் நின்றது.

"ஷீபா, உன் வண்டி சூடாகுது போலிருக்கே."

"இல்ல சேச்சி, எப்பவும் அங்கதானே நிக்கும். உங்க வண்டியில எப்படி?"

என் வண்டியில் அது அடியை விட்டு எழுந்ததே இல்லை, அப்பா. எஞ்சின் சூடாகாமல் இருப்பது நல்லது என்றுதான் நான் இதுவரை நினைத்திருந்தேன்.

மறுநாள் அதே ஒர்க்ஷாப்புக்குப் போனேன். "முள் கீழ இருந்தா நல்லதுதானே சேச்சி" என்றார் முதலாளி. "நல்லதோ கெட்டதோ, திறந்து பாருங்க. திறக்காம நான் வண்டியை எடுக்க மாட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ரேடியேட்டர் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். அதற்குள் இருக்க வேண்டிய தெர்மோஸ்டாட்டைக் காணோம். எஞ்சின் சரியான சூட்டுக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் அடைத்து வைக்கிற சின்ன வால்வு அது. அது இல்லாததால் எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே கிடந்திருக்கிறது. குளிர்ந்த எஞ்சினுக்கு வண்டி பெட்ரோலை அள்ளி அள்ளி ஊற்றியிருக்கிறது.

"இது யாரோ வேணும்னே கழத்தினதாக்கும்" என்றார். என் காலைப் பற்றி அன்று பேசவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் அரிவாள்மணையைச் சாய்த்து வைத்தாள்.

"அது கல்லாத்துல வச்சு அப்பா கழத்தச் சொன்னதுல்லா" என்றாள்.

ஸ்கேன் ரிசல்ட் வாங்கிய அன்று நீங்கள் இருவரும் நேராக வீட்டுக்கு வரவில்லையாமே. "பொன்முடிக்குப் போவமா" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே கேட்டீர்களாமே. மலையடிவாரத்தில், கல்லாற்றில் வண்டி கொதித்து நின்றதையும், தெர்மோஸ்டாட் அடைத்துக்கொண்டது என்று யாரோ ஒரு மெக்கானிக் அதைக் கழற்றி எறிந்ததையும், அதுவரை நீங்கள் இருவரும் பாறையில் உட்கார்ந்து ஆற்றில் காலை விட்டிருந்ததையும் அம்மா சொன்னாள். "மலைக்குப் போகவே இல்ல. ஆனா அன்னைக்கு மாதிரி அவரு சிரிச்சு நான் கண்டதில்ல மக்ளே. புதுசு வாங்கி திங்கக்கெழம போட்டுரலாம்னாரு. திங்கக்கெழம ஆஸ்பத்திரியில படுத்தாச்சு."

எங்களுக்கு நீங்கள் நோயைப் பற்றிச் சொன்னது அதற்கும் பிறகுதான். அதுவரை சாதாரண காய்ச்சல் என்றீர்கள். நான் ஆபீசுக்குப் போனேன், தம்பி பெங்களூரில் இருந்தான். அந்த நாட்களை எங்களுக்குத் தந்திருக்கலாமே, அப்பா. எதற்காக மறைத்தீர்கள்? அம்மாவையும் வாயைத் திறக்காதே என்று சொல்லி வைத்தீர்களா? கேட்டால் அவள் அழுகிறாள், அதனால் கேட்பதை விட்டுவிட்டேன்.

புது தெர்மோஸ்டாட் போட்டாகிவிட்டது. முள் பாதிக்கு வந்து நிற்கிறது. பெட்ரோல் செலவும் பழையபடி இறங்கிவிட்டது. தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வாங்க வர்றேன்னவன்கிட்ட வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றான். பொன்முடிக்குக் கூட்டிப் போகிறேன் என்று அம்மாவைக் கேட்டேன். அந்த ஆறே போதும் என்கிறாள்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். தீரவில்லை. ஆனால் அந்தப் பாறையில் நீங்கள் சிரித்தீர்கள் என்று தெரிந்த பிறகு, முன்போல உரக்கச் சண்டை போடவும் முடியவில்லை.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். என் உடம்புக்கு எது வந்தாலும் அன்றைக்கே அம்மாவிடமும் தம்பியிடமும் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு எந்த ஆற்றுக்குப் போவதாக இருந்தாலும், எல்லாரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் போவேன்.

உங்களிடம் இன்னும் சண்டை பாக்கியிருக்கிற மூத்த மகள்,
செண்பகம்