மூன்று தரம் கூப்பிட்டார்

ஜனவரி 22, வியாழன்

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. சாயங்காலம் கணினியில் விமானத்தைக் கொச்சியில் இறக்கிக்கொண்டிருந்தேன். விளையாட்டுதான். ஆனால் ஹெட்போனில் உத்தரவு தருபவர் எங்கோ நிஜமாகவே உட்கார்ந்து இணையம் வழியாக விமானங்களுக்கு வழிசொல்லும் கன்ட்ரோலர். அவர் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் காதில் விழவில்லை என்று அர்த்தம்.

சரியாக அப்போதுதான் அப்பா மாட்டுக்கொட்டகையிலிருந்து கத்தினார். "கண்ணு, வாய்க்கால்ல நம்ம முறை வந்துருச்சு. போயி மடையத் தொறந்து உடு!" ஒரு தரமா, மூன்று தரம். அந்தக் கத்தலில் கன்ட்ரோலர் சொன்ன உயரத்தைக் கோட்டைவிட்டேன். அவர் என்னை வானத்திலேயே சுற்றவிட்டார். எழுந்து கதவை அறைந்து சாத்தினேன்.

இறக்கி முடித்துவிட்டு வயலுக்கு ஓடினால், எங்கள் ஒரு மணி நேரம் முடிந்து தண்ணீர் பக்கத்து வயலில் பாய்கிறது. நெல் பால் பிடிக்கிற சமயம். அடுத்த முறைக்கு எட்டு நாள்.

அப்பாவிடமே சண்டைக்குப் போனேன். "அவசரம்னா நீங்களே போறதுக்கென்னங்கப்பா?"

"முடியாதுன்னு ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தா நானே போயிருப்பனே கண்ணு. கதவு சாத்துன சத்தந்தான் கேட்டுச்சு, நீ போயிட்டேன்னு நெனச்சுட்டேன்."

கன்ட்ரோலருக்கு மட்டும் இன்று இருபது தரம் பதில் சொல்லியிருப்பேன்.