சோளச் சுணை விழுந்த கண்

இன்று காலை பக்கத்துத் தோட்டத்துப் பெண் வந்து, கண் வலிக்கிறது என்று நாலு நந்தியாவட்டைப் பூ கேட்டாள். நானே பறித்துக் கொடுத்தேன். அவள் போய் வெகுநேரமாகியும் காம்பின் பால் பிசுபிசுப்பு விரலை விட்டுப் போகவில்லை. நீ கண்ணை மூடி இரண்டு ஆடி கழிந்துவிட்டது. உன்னோடு பேச வேண்டும் போலிருந்தது, எழுத உட்கார்ந்தேன்.

பொள்ளாச்சிப் பக்கத்து உங்கள் ஊருக்குப் பெண் பார்க்க வந்தபோது, அப்பா என்னைச் சுவரோரமாக உட்கார வைத்தார். சின்ன வயதில் அம்மை வந்து பூ விழுந்த என் இடது கண் சுவர்ப் பக்கம் மறைந்திருந்தது. தாலி கட்டத் திரும்பியபோதுதான் நீ அதைப் பார்த்தாய். அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டாய். அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் என் முகத்தை நீ நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு வார்த்தை பேசவும் இல்லை. கொண்டுவந்த பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. ஆடி அழைப்புக்கு உன் அண்ணன் வந்தால் போய்விடுவாய், திரும்பமாட்டாய் என்று எனக்குப் புரிந்திருந்தது.

அந்த நாட்களில் உனக்குத் துணையாக இருந்தது ஒரு பச்சோந்திதான். கிளுவை வேலியில் கண்டு, குச்சியோடு எடுத்து வந்து, கொல்லையில் நந்தியாவட்டைச் செடியில் விட்டிருந்தாய். "பச்சோந்தி ஊட்டுக்கு ஆகாது" என்றார் அப்பா. நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை. தினமும் வெட்டுக்கிளி பிடித்து வந்து அதற்கு ஒரு சாண் தள்ளி இலையில் வைப்பாய். அது ஒரு கண்ணால் உன்னையும் மறு கண்ணால் பூச்சியையும் பார்க்கும். பிறகு இரண்டு கண்ணையும் முன்னால் திருப்பி நாக்கை வீசும். நீ சிரிப்பாய். நான் கட்டுத்தரையில் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டபடி அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஆனியில் களத்தில் சோளம் அடித்தோம். தூசி கொல்லை முழுக்கப் படிந்தது. மூன்றாம் நாள் நீ கட்டுத்தரைக்கே வந்து நின்றாய்.

"ஏனுங்க, அதுக்குக் கண்ணு வீங்கிக் கெடக்குதுங்க. பூச்சி பக்கத்துல இருந்தும் புடிக்க மாட்டீங்குது."

வந்து பார்த்தேன். ஒரு கண் மூடி, இமை உப்பியிருந்தது. நாக்கை வீசியது, பூச்சிக்கு இரண்டு விரல் முன்னாலேயே விழுந்தது. மறுபடி வீசியது, மறுபடியும் தப்பியது.

"நாக்குல கோளாறு இல்ல புள்ள," என்றேன். "ஒத்தக் கண்ணுல தூரம் புடிபடாது. எனக்கும் அப்படித்தான்."

நீ கேட்டாய்: "அதனாலதான் சொம்புல தண்ணி ஊத்தறப்ப வெளிய ஊத்தறீங்களா? நான் கள்ளு குடிச்சிருக்கீங்கன்னு நெனச்சுட்டேனுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உனக்கு வரவில்லை.

தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, நந்தியாவட்டைப் பூவை அதில் ஊறப்போட்டாய். நான் பச்சோந்தியைக் குச்சியோடு பிடித்துக்கொள்ள, நீ புதுத் திரியை நனைத்து இமையில் சொட்டுச் சொட்டாக விட்டாய். அது கறுத்துப் போய், வாயைத் திறந்து சீறியது. காலையும் மாலையும் இப்படியே. பூச்சியைக் கையாலேயே வாயருகில் கொண்டுபோய்க் கொடுத்தாய்.

மூன்றாம் நாள், திரியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாய்: "பொண்ணு பாக்க வந்தப்ப, செவுத்துப் பக்கமா உக்காரச் சொன்னது உங்க அப்பாங்களா?"

"சொன்னது அவரு. உக்காந்தது நான். தெரிஞ்சா நீ வேண்டாம்னு சொல்லிருவீன்னு பயந்துட்டேன்."

"சொல்லியிருப்பேனுங்க," என்றாய். அடுத்த சொட்டை விட்டாய். "இருந்தாலும் என்னையக் கேட்டிருக்கோணுமில்லீங்க."

"கேட்டிருக்கோணும். தப்பு என்னோடது."

நாலாம் நாள் அது கண்ணை உள்ளுக்குள்ளேயே உருட்டியது. இமையோரம் மயிர்போல ஒரு சோளச் சுணை எட்டிப் பார்த்தது. நீ திரி நுனியால் ஒற்றி எடுத்தாய். மேலும் இரண்டு நாளில் வீக்கம் வடிந்து கண் திறந்தது. வெட்டுக்கிளியை வைத்தாய். முதல் வீச்சிலேயே பிடித்தது. நீ என் பக்கம் திரும்பினாய். என் வெள்ளைக் கண்ணையே பார்த்தாய், நேராக.

"அப்ப ரொம்ப வலிச்சுதுங்களா?"

அதுவரை அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

ஆடி பிறந்ததும் உன் அண்ணன் வண்டியோடு வந்தார். வருகிறேன் என்று நீ சொல்லவில்லை. வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ போன பத்தாம் நாள் பச்சோந்தி வேலியேறிப் போய்விட்டது. வேலி முழுக்கத் தேடினேன், கிடைக்கவில்லை. அதையாவது காப்பாற்றி வைக்கவில்லையே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ஆவணி முதல் நாள் வண்டிச் சத்தம் கேட்டது. "ரெண்டு நாள் இருந்துட்டுப் போன்னு சொன்னேன். இவதான் வண்டியப் பூட்டுன்னு நின்னா" என்று அப்பாவிடம் குறைப்பட்டுக்கொண்டார் உன் அண்ணன். நான் உன்னிடம் முதலில் சொன்னது பச்சோந்தி போன சேதியைத்தான்.

"கண்ணு தெரியுதில்லீங்க. பொழச்சுக்கும்," என்றாய்.

அன்று சாயங்காலம் தோட்டத்துக்குப் போனபோது நீ என் பின்னால் வரவில்லை. இடது பக்கமாக வந்து சேர்ந்துகொண்டாய். அதற்குப் பிறகு நாற்பது வருஷம் அந்தப் பக்கத்தை நீ விடவில்லை. "கல்லுங்க." "பள்ளமுங்க." எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்வாய். புருஷனுக்குச் சமமாக நடக்கிறாள் என்று எலப்புள்ளிச் சந்தையில் சிரித்தவர்கள் உண்டு. ஏன் என்று நீயும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்போது பாலக்காட்டுக்கு மோட்டார் பஸ் ஓடுகிறது. எனக்குப் போக வேண்டிய இடம் தோட்டம் ஒன்றுதான். தடத்தில் நடக்கும்போது என்னையறியாமல் வலது ஓரமாக ஒதுங்கி, இடது பக்கம் ஒரு ஆள் வருகிற அளவுக்கு இடம் விட்டுவிடுகிறேன். வேட்டி முள்ளில் மாட்டிக்கொள்கிறது. எடுத்துவிட்டுக்கொண்டு, அந்த ஓரமாகவே நடக்கிறேன்.