சரிவில் நிறுத்திய லொறி

மச்சான்,

இன்று காலை பண்டாரவளை பேட்டரிக் கடை வாசலில் வெகுநேரம் நின்றேன். நம் லொறியின் பேட்டரியைக் கழற்றிச் சார்ஜுக்குப் போட்டிருந்தேன். அந்த அமில வாடை உனக்குத் தெரியாததா, மூக்கைப் பிடுங்குகிறது. நான் அவசரப்படுவதைப் பார்த்து, "சார்ஜ் ஏறுது தம்பி, கொஞ்சம் பொறுங்க" என்றார் கடைக்கார நானா. சார்ஜ் ஏறுகிறது என்று யார் சொன்னாலும் எனக்கு உன் முகம்தான் வருகிறது. பெரகல சந்தி தேத்தண்ணிக் கடையும் கூடவே வருகிறது.

வெலிமடையில் லீக்ஸும் கரட்டும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு இறங்கும்போதெல்லாம் அங்கேதானே நிறுத்துவோம். மற்ற டிரைவர்கள் போனில் கூத்துப் பார்ப்பார்கள். நீ ஏதாவதோர் இங்கிலீஷ் சொல்லைப் போட்டுத் தேடிக்கொண்டிருப்பாய். உனக்கு அது ஒரு கிறுக்கு. ஒரு நாள் உன் அம்மாவைப் பதுளை ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் பண்ணிவிட்டார்கள் என்று வீட்டிலிருந்து செய்தி வந்தது. வேறு ஆளாக இருந்தால் சந்தோஷப்பட்டுவிட்டு வண்டியை எடுத்திருப்பான். நீ சந்தோஷமும் பட்டாய், யோசனையிலும் விழுந்தாய். போனுக்குச் சார்ஜ். ஹோட்டல் பில்லில் சார்ஜ். பொலிஸ் கேஸ் போட்டாலும் சார்ஜ். மார்க்கெட்டில் நம்மை விரட்டுகிறவன் இன்சார்ஜ். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மாடு பாய்ந்து வந்தாலும் இங்கிலீஷில் அதே சொல்தான் என்று வேறு சொன்னாய்.

"ஒரே சொல்லு எத்தன வேல பாக்குது பாரு மச்சான், நம்ம பொம்பளைங்க மாதிரி" என்றாய்.

பிறகு அதன் ஊரைத் தேடிக் கண்டுபிடித்தாய். பழைய லத்தீனில் வண்டிக்கு ஒரு சொல். அதிலிருந்து வண்டியில் பாரம் ஏற்றுவதற்கு ஒரு சொல். அது பிரான்ஸ் வழியாக இங்கிலாந்துக்குப் போய்ச் சார்ஜ் ஆகியிருக்கிறது. முதலில் வெறும் மூட்டைதான். அப்புறம் ஒருவன் தலையில் பொறுப்பை ஏற்றினாலும், விலையை ஏற்றினாலும், குற்றத்தை ஏற்றினாலும் அதே சொல்லைச் சொன்னார்கள். துப்பாக்கிக்கு மருந்து ஏற்றினார்கள். கடைசியில் பேட்டரிக்குள் கரண்டை ஏற்றினார்கள். மாடு பாய்வதற்கு எப்படி அந்தச் சொல் போனது என்று மட்டும் நீ சொன்னது எனக்கு விளங்கவில்லை. உனக்கும் விளங்கியிருக்காது என்றே நினைக்கிறேன்.

"அப்ப நாம செய்யிற வேலதான் மச்சான் அது. மூட்ட ஏத்துறோம், எறக்குறோம். அம்மாவையும் ஆஸ்பத்திரிக்காரன் எறக்கி விட்டுட்டான்."

அதோடு விடவில்லை. லொறி என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தாய். சரியாகத் தெரியவில்லை என்று போட்டிருந்தது. நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பாவம் மச்சான், நம்ம தோட்டத்து பாட்டன்மாரு மாதிரி அதுக்கும் பிரஜாவுரிமை கெடைக்கல."

இவ்வளவு தெரிந்தவனுக்குப் புது பேட்டரி ஒன்று வாங்க மட்டும் மனம் வரவில்லை. "இன்னும் ஒரு ட்ரிப் பாப்போம்" என்பாய். அதற்காகவே தோட்டத்து லயத்து வீடுகளுக்கு மேலே, ரோடு சரியும் இடத்தில், மூக்கு பள்ளத்தைப் பார்க்க லொறியை நிறுத்துவாய். முன் டயருக்கு ஒரு சவுக்குக் கட்டை முட்டு. காலையில் நான் கட்டையை இழுப்பேன், நீ பிரேக்கை விட்டு உருட்டுவாய், கியரில் போட்டதும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிப் புகையோடு ஸ்டார்ட் ஆகும். நான் கட்டையைக் கையில் பிடித்தபடி ஓடிவந்து ஏறவேண்டும். அந்த ஓட்டத்தில்தான் என் முழங்கால் போனது. சொன்னால் சிரிப்பாய்.

உனக்கு மாரடைப்பு வந்தபோதும் லொறி அப்படித்தான் நின்றது. உன் காரியமெல்லாம் முடிந்தும் நின்றது. மழையில் கட்டை ஊறிப் பாசி பிடித்துவிட்டது. உன் பெண்சாதி கலாவின் அண்ணன், லொறியை வாங்க வெலிமடையிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவந்தார். விற்றுவிடலாம் என்றுதான் நானும் சொன்னேன். ஓட்ட ஆளில்லாத வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆனால் லொறி போனால் கலாவுக்கு மறுபடியும் தோட்டத்தில் கொழுந்துக் கூடைதான். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவும் அந்தக் கூலிக்குள்தான் அடங்கவேண்டும். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

வந்தவர் சாவியைத் திருகினார். டிக் என்றது, அவ்வளவுதான். உடனே குறை சொல்ல ஆரம்பித்தார். கிடந்து கெட்டுப்போன வண்டி என்றார். கலாவின் அண்ணனும் விலையில் இறங்கத் தொடங்கினார். அப்போதுதான் கலா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு லயத்திலிருந்து ஏறி வந்தாள். யாரையும் பார்க்காமல் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, கட்டைய எடுங்க" என்றாள் என்னிடம்.

"இது வெளையாட்டு இல்ல தங்கச்சி. கீழ திருப்பம் இருக்கு."

"தெரியும். நீங்க வராத நாள்ல ஸ்டேரிங்ல யாரு ஒக்காந்தான்னு நெனச்சீங்க? அவரு கட்டைய எடுப்பாரு, நான் உருட்டுவேன்."

எனக்கு இது தெரியாது. எத்தனையோ சொற்களின் பூர்வீகத்தைச் சொன்ன நீ, இதைச் சொல்லவில்லை. உன் மேல் அப்போது வந்த கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

கட்டையை எடுத்தேன். லொறி சத்தமில்லாமல் உருண்டது. திருப்பம் வரைக்கும் சத்தமில்லை. பிறகு அந்தக் குலுக்கல், அந்தக் கறுப்புப் புகை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம் வரைக்கும் போய்த் திருப்பிக்கொண்டு மேலே வந்தாள். இறங்கினாள், எஞ்சினை நிறுத்தவில்லை.

"வண்டி விக்கிறதுக்கு இல்லைங்க. இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

அவளுடைய அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "பொம்பள லொறி ஓட்டுனா ஊரு என்ன பேசும்?" என்றார்.

"ஓடாம நின்னப்ப மட்டும் பேசலயா?" என்றாள் கலா.

நீ அவளை வற்புறுத்தி எடுக்கவைத்த டிரைவிங் லைசன் அலுமாரியில்தான் கிடந்தது, அதையும் அப்புறம்தான் எனக்குக் காட்டினாள். இப்போது அவள் ஓட்டுகிறாள், நான் மூட்டை ஏற்றுகிறேன். ஆரம்பத்தில் மார்க்கெட் இன்சார்ஜ் டிரைவர் எங்கே என்று என்னைத்தான் கேட்டான். இப்போது அவளைப் பார்த்ததும் கேட்டைத் திறக்கிறான். இதுவரை வெலிமடை, பதுளை என்று பக்கத்து ஓட்டம்தான். நாளைக்கு முதல் தடவையாகக் கொழும்பு. அதற்காகத்தான் இன்று பேட்டரியைக் கொண்டுபோனேன். கடைசியில், இது இனிச் சார்ஜ் பிடிக்காது என்று நானா உதட்டைப் பிதுக்கிவிட்டார். கலாவிடம் போனில் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை, புதிதாக ஒன்று வாங்கச் சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் புது பேட்டரியோடு ஓட்டிப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினாள். பழைய இடம்தான், மூக்கு பள்ளத்தைப் பார்த்து.

"புது பேட்டரி போட்டாச்சே தங்கச்சி, இன்னும் எதுக்கு?"

"இருக்கட்டுங்கண்ணே. அவரு நிப்பாட்டுன எடம்."

கட்டையை டயருக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துதான் இதை எழுதுகிறேன். நீ இல்லாதது கஷ்டமாகத்தான் இருக்கிறது மச்சான். நாளைக் காலை அவள் சொல்லுவாள், நான் கட்டையை எடுப்பேன். இனிமேல் ஓடவேண்டிய தேவையில்லை, சாவியைத் திருகினாலே ஸ்டார்ட் ஆகிவிடும். ஆனாலும் வண்டி நகர்ந்ததும் என் கால் தன்பாட்டுக்கு ஓடத்தான் போகிறது. முழங்கால்தான் என்ன சொல்லுமோ தெரியவில்லை.