எதிர்த்துப் பேச மறுத்தவருக்கு

ஜூன் 2

சோதனைக்கூடத் தோழருக்கு,

வணக்கம். நலம் விசாரிக்கும் வரிகளை விட்டுவிடுகிறேன். அவை இப்போது உங்களுக்குத்தான் நன்றாக வருகின்றன. என் புகார்கள் பின்வருமாறு:

1. மார்ச் 19. என் மனைவி இறந்த அன்று மருத்துவமனைத் தாழ்வாரத்தில் என் தோளைப் பிடித்து, "ஆண்டவன் தனக்குப் பிடிச்சவங்களைச் சீக்கிரம் கூப்பிட்டுக்கறான் சார்" என்றீர்கள். ஆண்டவனே இல்லை என்று இருபத்திரண்டு ஆண்டுகளாக என்னிடம் வாதாடியவர் நீங்கள். பதற்றத்தில் உளறிவிட்டீர்கள் என்று மன்னித்தேன்.

2. ஏப்ரல் 12. என் வீட்டுக் கூடத்தில், "அண்ணி மேலேர்ந்து நம்மளைப் பார்த்துக்கிட்டுத்தான் இருப்பாங்க" என்றீர்கள். மேலே என்றால் எங்கே என்று கேட்டேன். பழத்தட்டை என் பக்கம் நகர்த்தினீர்கள்.

3. மே 10. நீங்கள் மாற்றலாகிப் போனபின் வந்த முதல் சனிக்கிழமை. உலகம் இவ்வளவு அழகாக இருப்பதால் அதைப் படைத்தவன் இருந்தே தீரவேண்டும் என்று, வேண்டுமென்றே ஓர் ஓட்டை வாதத்தைத் தொலைபேசியில் வைத்தேன். "நீங்க சொல்றதும் சரிதான் சார்" என்றீர்கள்.

4. மே 31. நான்கே நிமிடம் பேசினீர்கள். மூன்று நிமிடம் என் ரத்த அழுத்தத்தைப் பற்றி.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து, குடிநீர் மாதிரிப் புட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நாம் உட்கார்ந்த அந்த நீளமேசையை மறந்திருக்க மாட்டீர்கள். நம்மிடம் ஒரே ஒரு விதி இருந்தது. மறுத்துப் பேசுமுன், எதிராளியின் வாதத்தை அவர் "ஆமாம், இதைத்தான் சொன்னேன்" என்று தலையாட்டும்படி சொல்லிக் காட்டவேண்டும். என் நம்பிக்கையை என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டு, பிறகு அதன் காலை உடைப்பீர்கள். குழந்தைகள் படும் வலிக்கு நான் வைத்திருந்த விளக்கத்தை, உங்களால்தான் வெட்கத்தோடு கைவிட்டேன். ஒருமுறை நீங்களும், "தெரியலை சார்" என்றீர்கள். அந்த ஒரு சொல்லுக்காக உங்களை இன்றும் மதிக்கிறேன். என்னோடு சேர்ந்து வழிபடுகிறவர்களில் ஒருவரும் என்னிடம் அவ்வளவு நேர்மையாகப் பேசியதில்லை; நான் வாய் திறக்குமுன்பே ஒத்துக்கொள்கிறவர்கள் அவர்கள்.

வீட்டிலும் தொடர்வோம். "எதிர்க்கட்சி வந்தாச்சா? இன்னிக்காவது ஆட்சியைக் கவிழ்த்துட்டுத்தான் போகணும் அண்ணே" என்பாள் என் மனைவி. கவிழ்ந்ததில்லை. இரு தரப்புக்கும் அவள்தான் சபாநாயகர்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். ஒரே நீர் மாதிரியை இரண்டாகப் பிரித்து, இருவர் ஒருவர் தாளை ஒருவர் பாராமல் சோதிப்பது நம் கூடத்தின் முறை. என் தாளில் இருந்த எண்ணைப் பார்த்து அதையே எழுதிக் கொடுத்த ஆய்வாளரை நீங்கள் எல்லார் முன்னிலையிலும் கேட்டீர்கள்: "தண்ணியைச் சோதிக்கச் சொன்னா, சார் மூஞ்சியைச் சோதிச்சிருக்கியேப்பா!" அறிக்கையைக் கிழித்துப் போட்டீர்கள். மார்ச் 19 முதல் நீங்கள் என் மூஞ்சியைத்தான் சோதித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இரக்கம் என்பீர்கள். அவமதிப்பு என்கிறேன் நான். மனைவியை இழந்தவன் உண்மையைத் தாங்கமாட்டான் என்று என்னைக் கேட்காமலே முடிவு கட்டிவிட்டீர்கள்.

இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. ஆறு வாரமாக என்னால் பிரார்த்திக்க முடியவில்லை. உட்காருகிறேன், சொற்கள் வருகின்றன, யாரிடம் சொல்கிறேன் என்பது மட்டும் தெரியவில்லை. இந்த நேரம் பார்த்து நீங்களும் என் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டால், நான் எதில் முட்டி நிமிர்வது?

ஆகவே கேள்வி ஒன்றுதான். அவள் இப்போது எங்காவது இருக்கிறாளா?

இல்லை என்பது உங்கள் பதிலானால், இல்லை என்றே எழுதுங்கள்; ஒரு சொல்லைக்கூட மழுப்ப வேண்டாம். ஆனால் விதிப்படி அதற்குமுன், அவள் இருக்கிறாள் என்பவனின் வாதத்தை முழுமையாக, நான் தலையாட்டும்படி எழுதவேண்டும். அதை இருபத்திரண்டு ஆண்டுகள் கேட்டவர் நீங்கள். சொல்லிவந்த எனக்கு இப்போது ஒழுங்காக நினைவுக்கு வரவில்லை.

பதில் ஜூன் 14 சனிக்கிழமைக்குள், நீங்கள் கைப்பட எழுதியதாக என்னிடம் வந்து சேரவேண்டும். தொலைபேசி அழைப்பை ஏற்கமாட்டேன்.

இப்படிக்கு,
இன்னும் உங்களோடு உடன்படாத
பழைய மேசைக்காரன்