வேதாவின் பள்ளிப்பை

ஸ்ரீ:
அரங்கா, அடியேன் கை எழுதுவது எந்த மனையின் புண்ணையும் கிளறாதிருக்கட்டும்.

விகாரி, ஆவணி 5
விடியலிலிருந்தே காற்று. காவிரியில் நிறை வெள்ளம், படித்துறையில் வழுக்கல். மூக்குக் கண்ணாடிக்கு நூல் கட்ட வேண்டும்.

அடுத்த வீட்டுச் சேஷாத்ரி புத்தூர் மருத்துவமனையிலிருந்து திரும்பினான். மதுவிலக்குள்ள நாட்டிலும் குடிக்க வழி கண்டவன். இனி மாத்திரை, வாரம் ஒருமுறை டாக்டரிடம் பேச்சு. முகத்தில் தெளிவு. மனைவி கோமளம் வாசலில் பெரிய கோலம் போட்டிருந்தாள்.

அவர்கள் மூத்த மகள் வேதாவின் பள்ளிப்பை மட்டும் இன்னும் என் வீட்டு ஆணியில். வெறியில் அவன் அவள் புத்தகங்களைக் கிணற்றில் எறிந்த நாள் முதல் அங்கேதான். உள்ளே மறுபடி வாங்கிய புத்தகங்கள், சிலேட்டு, வண்ணப் பென்சில்கள், பாட்டுக்குப் பரிசாகப் பெற்ற வெள்ளிச் சிமிழ்.

ஆவணி 8
சேஷாத்ரி வந்தான். "கொழந்தை பையைக் குடுங்கோ மாமா, எடுத்துண்டு போறேன்."
"அவளே வந்து எடுத்துப்பா."
"நான்தான் இப்போ தொடறதில்லையே."
"எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியணுமோல்லியோ."
திரும்பிப் போனான். கடுமையாகச் சொல்லிவிட்டேனோ? மாலை சேவையிலும் அதே நினைவு.

ஆவணி 12
புழுக்கம். பாராயணத்தின் நடுவே வேதா. சிலேட்டை மட்டும் எடுத்தாள்.
"பை வேண்டாமாடீ?"
"சிலேட்டு ஒடஞ்சா பரவால்ல தாத்தா."
தந்தை தெளிந்தால் பிள்ளையும் அன்றே தெளியும் என்றிருந்தேன். அப்படியில்லை போலும். பிரகலாதனுக்குத் திருந்திய தந்தையைக் காணும் பேறு இல்லை. இவளுக்குண்டு, ஆயினும் அஞ்சுகிறாள்.

ஆவணி 17
டாக்டரைப் பார்க்கப் போன சேஷாத்ரி விளக்கேற்றிய பின்னும் வரவில்லை. வேதா என் கூடத்தில், பையின் கீழே. சாப்பிட அழைத்தும் எழவில்லை.

வந்தான். பஸ் தாமதமாம். அவள் முன் மண்டியிட்டு வாயைத் திறந்தான். "மோந்து பாத்துக்கோம்மா."
"வெத்தலை போட்டுண்டிருக்கே. முன்னாடி குடிச்சப்போவும் அப்படித்தான் வருவே."
அவன் கோபிக்கவில்லை. கிணற்றடிக்குப் போனான், துப்பினான், வாய் கொப்பளித்தான், மீண்டும் மண்டியிட்டான். நெடுநேரம் முகர்ந்தாள்.
"சரி. பசிக்கறது."

ஆவணி 24
தூறல். பஞ்சுத் திரி தீர்ந்தது.
கோமளம்: "வெத்தலையையும் விட்டுட்டார் மாமா. டாக்டர் சொல்லி இல்லே, பொண்ணு சொல்லி."
காலையில் வேதா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள், சிமிழோடு. போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. சற்றைக்கெல்லாம் சுவருக்கு அப்பால் அவள் குரல், தெருவே கேட்க: "அப்பா, இங்க வா. தம்பி என் பென்சிலை ஒடச்சுட்டான்."
அப்பாவை அவள் கூவியழைத்து நான் கேட்டதில்லை. பாராயணம் பாதியில் நின்றது. ஆணி வெறுமை. அந்த மனையும், என்றேனும் இவ்வேட்டைப் புரட்டுவோர் மனையும் இவ்வாறே இரைச்சலோடு வாழ்க.